எனக்கு எழுபது, அவளுக்குப் பதினைந்து

எதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குள் காலை வைக்கும்போதே, பழனி வண்டியில் உட்கார இடம் கிடைக்குமா என்று நூற்றுக்கு இத்தனை என மனசுக்குள் போட்டுவிடுவேன். மழை வருமா, மின்சாரம் போகுமா, அம்மா இன்றைக்கு வெஞ்சனம் வைப்பாளா அல்லது ஊறுகாயோடு முடித்துக்கொள்வாளா, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு சதவீதம் உண்டு. அப்படிப்பட்ட எனக்கு எம்.பி.ஏ. படிக்கும் ஆசை வந்தால் சும்மா விடுவேனா? மடிக்கணினியில் ஒரு பட்டியல் போட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, நுழைவுத் தேர்வு, வேலை பார்த்த மாதங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் இடம் கிடைப்பதற்கான வாய்ப்பு. எனக்கு எழுபது என்று வந்தது.

எனக்குக் கீழே இன்னொருத்தியின் வரி இருந்தது. அவளுக்குப் பதினைந்து.

நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அப்போது நான் வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், மாதா கோயிலிலிருந்து நேராக நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போவேன். ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அந்த வகுப்பு. உள்ளூர்க்காரியான நான் வாராவாரம் ஐந்து நிமிஷம் தாமதம். அந்த இன்னொருத்தி, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வருகிறவள், எனக்கு முன்னால் வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருப்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். பையில் எப்போதும் நாலு கொய்யாப்பழம் இருக்கும்.

முதல் நாள் வகுப்பில் எல்லோரையும் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் நூற்பாலையைப் பற்றி இரண்டு நிமிஷம் அளந்தேன். அவள் எழுந்து, "பி.காம். முடிச்சு நாலு வருசம் ஆச்சுங்க. வேலைக்குப் போகலீங்க. சும்மா வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நானும் அதை அப்படியே நம்பினேன். நம்பியிருக்கக் கூடாது. சம்பளச் சீட்டு வராத எந்த வேலையும் எங்கள் பக்கத்தில் வேலை ஆகாது. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் இருக்கிற என் சித்தி விடியுமுன் மல்லிகைக் காட்டில் இறங்கி, பறித்த பூவை முதல் வண்டிக்கு ஏற்றி, ஆளுக்குக் கூலி பிரித்துக் கொடுத்து, மருந்தடிக்கிற நாளையும் அவளே முடிவு பண்ணுகிறவள். என்ன பண்றீங்க என்று யாராவது கேட்டால், சும்மாதான் இருக்கேன் என்பாள். சித்தியைத் தெரிந்திருந்தும் இவள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது. என் மதிப்பெண் நன்றாக இருந்தது. அவளுடையது என்னைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. வெளியூரில் உள்ள ஒரு பெரிய மேலாண்மைக் கல்லூரியிலிருந்து இரண்டு பேருக்கும் நேர்காணலுக்கு அழைப்பு. ஒரே நாள், ஒரே குழு. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, எனக்கு எத்தன போட்டிருக்கீங்க?"

"இருபது" என்றேன். பெரிய மனசு பண்ணி ஐந்து கூட்டிச் சொன்னேன்.

"எதுலீங்க குறையுது?"

"பன்னெண்டாப்புல மார்க்கு கம்மி. அதவிட, வேலை பாத்த மாசம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல நீ சைபர் போட்டிருக்க. எனக்கு முப்பத்தோரு மாசம் இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். அவள் நோட்டை எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு, வேலை என்று இரண்டையும் குறித்துக்கொண்டாள். பிறகு எனக்கு ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

நேர்காணலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, சேர்ந்து பயிற்சி செய்து பார்க்கலாம் என்று என்னை ஆயக்குடிக்குக் கூப்பிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, சித்த நேரம் ஒரு தோப்பப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிரலாங்களா? அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. மத்தியானத்துக்குள்ள சொல்றேன்னு வாக்குக் குடுத்தாச்சு."

அவள் அப்பா கொய்யாத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர் என்று தெரியும். மரத்தில் காய் இருக்கும்போதே தோப்பைச் சுற்றிப் பார்த்து, இது இத்தனை பெட்டி தரும் என்று மதித்து, அதற்கேற்ப விலை பேசி அந்தக் காய்ப்பை வாங்கிக்கொள்வது வழக்கம். அப்பாவுக்குப் பதிலாக ஏதோ சேதி சொல்லப் போகிறாள் என்று நினைத்துப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பாலசமுத்திரம் போகிற வழியில் அந்தத் தோப்பு. சாலையோர வரிசையில் மரம் மரமாகக் காய் தொங்கியது. இலையைவிடக் காய் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. தோப்புக்காரர் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையிலேயே நின்று, ஒரு கிளையைப் பிடித்து வளைத்துக் காட்டினார். அவள் கும்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அந்த மரத்தைக் கடந்து நேரே நடந்தாள். நின்று பார்க்கவே இல்லை. சொட்டுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறதோ அந்தக் கடைசி மூலைக்குப் போனாள். அங்கே மரங்கள் வாடிக் கிடந்தன. அதில் இருக்கிறதிலேயே நோஞ்சான் மரமாகப் பார்த்து அதன் கீழே நின்று, கிளையைத் தூக்கித் தூக்கி உதட்டுக்குள் எண்ணினாள். அதற்கப்புறம் நடுத்தோப்பில் ஒரு மரம். உதிர்ந்து கிடந்த ஒரு காயை எடுத்துப் பிளந்து, புழு இருக்கிறதா என்று பார்த்தாள். குழாயை நிமிண்டிப் பார்த்து, நகத்தில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தேய்த்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் முன்வரிசைக்கு வந்தாள்.

"பூவப் பாரம்மணி, எத்தன பூவுன்னு" என்றார் தோப்புக்காரர்.

"அழகா இருக்குங்க. ஆனா அதுல எத்தன நிக்குமின்னு நான் எப்படிங்க சொல்றது? பூவக் கணக்குல சேக்க மாட்டேனுங்க. இப்ப இருக்கற காய வெச்சுச் சொன்னா, முன்னூறு பெட்டிங்க."

"காத்தால வந்தவன் ஐநூறுன்னுட்டுப் போறான்!"

"அவரு ரோட்டோரத்துலயே நின்னு பாத்திருப்பாருங்க. கடைசி ரெண்டு வரிசைக்குத் தண்ணியே எட்டலீங்க. குழாய்ல உப்பு அடைச்சிருக்குது. ஆசிட் விட்டுக் கழுவி விட்டீங்கன்னா, அடுத்த காய்ப்புக்கு நானே வந்து நானூறுன்னு சொல்றேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். போய்விடு என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன், அதற்கும் ஒரு சதவீதம் போட்டு வைத்திருந்தேன். அவர் மெல்ல நடந்து கடைசி மூலைக்குப் போய், குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "உங்கொப்பனே வந்திருந்தாலும் இதச் சொல்லியிருக்க மாட்டான். சரி, நீயே எடுத்துக்க" என்றார்.

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டேன்.

"இதெல்லாம் எம்புட்டு நாளா நீ பாக்குற?"

"காலேஜ் முடிச்சதுல இருந்துங்கக்கா. அப்பா வெலை பேசுவாரு, தோப்பு பாக்கறது நானு. நாலு வருசத்துல ரெண்டு தோப்புல கணக்கு தப்பிருச்சு. ரெண்டும் முன்வரிசைய மொதல்ல பாத்ததுங்க. நல்ல மரத்த மொதல்ல பாத்துட்டா அப்புறம் கண்ணு நேராப் பாக்காது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மிகையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆலையில் மூன்று அதிகாரிகள் கூடி, டீ குடித்து, கடைசியில் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிற மாதிரியான ஒரு முடிவை இவள் ஒரு மணி நேரத்தில் தனியாக எடுத்திருந்தாள். எதிராளியின் ஆசைக்கும் மயங்கவில்லை, போட்டிக்காரன் சொன்ன கணக்குக்கும் பயப்படவில்லை. அதற்கு மேல், விற்கிறவருக்கே அவர் தோப்பின் குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்யும் வழியையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இவள்தான் படிவத்தில் வேலை அனுபவம் பூஜ்யம் என்று போட்டவள்.

அடியே, நேர்காணலில் இதைச் சொல்லு, இதை மட்டும் சொன்னால் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிவிட்டேன். எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். ஒரே குழு, ஒரே நாள். அந்தக் குழுவிடம் அவள் இந்தத் தோப்பைச் சொன்னால் என் எழுபது என்ன ஆகும் என்று தலைக்குள் கணக்கு ஓடியது.

"என்னங்கக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பயிற்சி செய்தோம். நான் நேர்காணல் செய்கிறவள், அவள் மாணவி. நாலு வருஷமாக என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நத்திங் மேடம், ஐ வாஸ் அட் ஹோம்" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவளைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. நான் தலையை ஆட்டி, "நல்லாருக்கு. மறைக்காம சொல்றது நல்லதுதான்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது, என் வாய் சும்மா இருக்கவில்லை. "தோப்பெல்லாம் மதிச்சுச் சொல்ற. என்னைய மதிச்சுச் சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கடைசி மூலையக் காட்டுவீங்களா?"

"கேளு."

"மில்லுல நீங்களா முடிவெடுத்து, நீங்களா செஞ்சது ஒண்ணு சொல்லுங்கக்கா."

முப்பத்தொரு மாதங்களை மனசுக்குள் புரட்டினேன். மற்றவர்கள் கொடுத்த எண்களைத் தட்டச்சு செய்திருந்தேன். மற்றவர்கள் சொன்ன கடிதங்களை அனுப்பியிருந்தேன். நிறுத்தம் வரும் வரைக்கும் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"பாதிங்கக்கா" என்றாள். "தப்பா நெனைக்காதீங்க. பாதிக்கு மேல நான் எதுக்குமே சொல்றதில்லீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை எனக்கு மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. நேற்று வரைக்கும் பதினைந்தில் இருந்தவள் எனக்குப் பாதி போடுகிறாளாக்கும்! ரெட்டியார்சத்திரம் வந்தபோதுதான் ஒன்று புரிந்தது. என்னைப் பற்றி யாரும் இதுவரை இவ்வளவு கவனமாக யோசித்துச் சொன்னதில்லை. அது புரிந்த பிறகும் நான் போனை எடுத்து அவளிடம் அந்தத் தோப்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரமும் தொலைபேசியில் பயிற்சி செய்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டில் இருந்தேன் என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் சரி என்பேன். நேர்காணலுக்கு முந்தின நாள் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏத்திட்டு வாரேன். அந்தப் புள்ளைக்குப் பெரிசா ஒண்ணு ஏத்தினேன், அம்புட்டு தூரத்துல இருந்து வந்து படிச்ச புள்ள" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கல்லூரியில், குளிர்சாதனம் போட்ட ஒரு கூடத்தில் காத்திருந்தோம். எங்களைச் சுற்றி கழுத்துப்பட்டை கட்டிய பையன்களும், சரளமாக ஆங்கிலம் பேசும் பெண்களும். அவள் தன் கோப்பை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோப்பில் எங்கேயும் ஒரு கொய்யாமரம் கூட இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவரில் அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"உள்ள போயி சும்மா இருந்தேன்னு சொல்லிராத. அது பொய்யி. நாலு வருசம் தோப்பு பாத்தேன்னு சொல்லு. ரெண்டு தப்பினதச் சொல்லு. குழாய்ல உப்பு அடைச்சதச் சொல்லு. அதுதான் வேலை. அதத்தான் இவங்க இங்க சொல்லிக் குடுக்கவே போறாங்க."

"வீட்ல இருந்தேன்னு சொன்னா நல்லாருக்குன்னீங்களே?"

"வேணும்னேதான் அப்படிச் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். போ, கூப்பிடுறாங்க."

அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "சரிங்கக்கா" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு முன்னால் போனவர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவள் வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. அடுத்து நான். என்னிடம் அவர்கள் கேட்ட இரண்டாவது கேள்வியே, நூற்பாலையில் நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுமில்லை, அப்படி ஒன்றுமில்லை என்பதே ஒரு மாதத்துக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது என்று உள்ளதைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தோப்பைப் பற்றிச் சொன்னதும் மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்களாம். கடைசியில் அதில் ஒருவர், இங்கே உனக்கு இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று நீயே மதித்துச் சொல் என்றாராம்.

"என்ன சொன்ன?"

"பன்னெண்டாம் வகுப்பு மார்க்கத்தான் மொதல்ல சொன்னேனுங்க. அப்புறம் எனக்கு இங்கிலீசு தட்டுத் தடுமாறித்தான் வருதுன்னேன். வெளிய உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு என்னையவிட நல்லாப் பேசுவாங்கன்னேன். அதெல்லாம் பாத்தா, மூணுல ஒண்ணுன்னு சொன்னேன்."

"உன்னையவே நீ எறக்கிச் சொல்லிருக்கியே!"

"எறக்கலீங்கக்கா. இருக்கறதச் சொன்னேன்."

அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது எண். ஆலையில் எல்லோரும், ஒன்பதுதானே, கண்டிப்பாக வந்துவிடும் என்றார்கள். என் கணக்கும் அறுபது என்று காட்டியது. அவள் சேர்ந்த முதல் நாளே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டாள். "போன வருசம் ஆறு வரைக்குந்தான் போச்சாமுங்கக்கா. இந்த வருசமும் யாரும் சீட்டு வேண்டாங்கற மாதிரி தெரியல. நீங்க காத்திருக்க வேண்டாமுங்க." எனக்கு நம்பிக்கை கொடுத்தவர்கள் அத்தனை பேரையும்விட அவள்மேல்தான் எனக்கு அன்று நன்றி இருந்தது. அவள் சொன்ன மாதிரியே எனக்கு இடம் வரவில்லை. அடுத்த வாரம் நான் மேலாளரிடம் போய், பஞ்சு கொள்முதல் பிரிவுக்கு மாற்றிக் கேட்டேன். முப்பத்து நாலு மாதத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது.

ஆனால் மனசில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் அவள் விடுதிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அன்றைக்குத் தோப்பிலேயே சொல்ல வந்ததை, மூன்று வாரம் விழுங்கிக்கொண்டு திரிந்ததை, அது முழுக்க என் எழுபதுக்காக என்பதை.

"தெரியுங்கக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வண்டியில என்னமோ சொல்ல வந்து முழுங்குனீங்க. கண்ணாடியில பாத்தேன். என்னன்னு தெரியல, ஆனா எனக்கு ஆகற சேதின்னு மட்டும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏண்டி என்னையக் கேக்கல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. நீங்களாச் சொல்லணுமின்னு விட்டுட்டேனுங்க."

"நான் சொல்லாமப் போயிருந்தா? உன் சீட்டே போயிருக்குமே! எந்தத் தைரியத்துல இருந்த? எம்புட்டுன்னு மதிச்சு வெச்சிருந்த என்னைய?"

அந்தப் பக்கம் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"உங்க கடைசி மூலையப் பாத்துட்டுத்தானுங்கக்கா மதிச்சேன். நீங்க சொல்லுவீங்கங்கறதுக்கு நூறு போட்டிருந்தேன்."

பாதிக்கு மேல் எதற்குமே சொல்லாதவள். தன்னையே மூன்றில் ஒன்று என்று மதித்தவள். அழுவது அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரி, போயிச் சாப்புடு. கூப்பிடுறாங்கள்ல" என்று மட்டும் சொன்னேன்.